ஆறு கை ஆக்டோபஸ்: சிறு முதலீட்டுக் கடல் அரக்கன் படம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஆக்டோபஸுக்கு எட்டுக் கைகள். 1955-ல் வெளிவந்த 'இட் கேம் ஃப்ரம் பினீத் தி ஸீ' என்ற அமெரிக்கப் படத்தில் சான் பிரான்சிஸ்கோ நகரைத் தாக்க வரும் ராட்சத ஆக்டோபஸுக்கு ஆறே கைகள்தான். மீதி இரண்டுக்குப் பணம் இல்லை. அந்த உருவத்தைச் செய்து அசையவைத்த ரே ஹாரிஹவுசன் இதைப் பிற்காலத்தில் ஒளிக்காமல் சொன்னார். பெயரில் இருக்கும் எட்டை எடுத்துவிட்டு ஆறைப் போட்டு 'சிக்ஸ்டோபஸ்' என்ற செல்லப்பெயரும் அதற்கு ஒட்டிக்கொண்டது.

இரண்டு கை குறைந்த பிராணி எப்படி ஒரு நகரத்தைப் பயமுறுத்தியது? அரங்கில் உட்கார்ந்தவர்கள் ஏன் எண்ணிப் பார்க்கவில்லை? எண்ணிப் பார்த்தவர்களும் ஏன் இந்தப் படத்தை விடமாட்டேன் என்கிறார்கள்? இந்த மூன்று கேள்விகளையும் வைத்துத்தான் இந்தப் படத்தை இங்கே பிரித்துப் பார்க்கிறோம். எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். குறைந்த காசில் எடுக்கும் கடல் அரக்கன் படத்தில் எல்லாமே நீர்க்கோட்டில்தான், அதாவது உருவம் நீர்ப்பரப்பைத் தொடும் கோட்டில்தான், தீர்மானமாகிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே எதை விட்டுவைப்பது, மேலே எதைக் கொண்டுவருவது, எத்தனையாவது நிமிடத்தில் கொண்டுவருவது என்பதில் தெளிவாக இருந்தவர்கள் கரையேறினார்கள்.

படம் உருவான சூழல்

1953-ல் 'தி பீஸ்ட் ஃப்ரம் 20,000 ஃபேதம்ஸ்' வந்தது. வடதுருவப் பகுதியில் நடக்கும் அணுகுண்டுச் சோதனையில் பனியிலிருந்து விழித்துக்கொள்ளும் பழங்கால விலங்கு கடல் வழியாக நியூயார்க்குக்கு வந்து சேரும் கதை. ஏறத்தாழ இரண்டு லட்சம் டாலரில் முடிந்த அந்தப் படம் வசூலில் அதைப் பல மடங்காகத் திருப்பிக் கொடுத்தது. ஹாரிஹவுசன் தனிப் பொறுப்பில் உருவங்களை அசைத்த முதல் முழுநீளப் படம் அது. அதைப் பார்த்துவிட்டு அவரைத் தேடி வந்தவர் சார்ல்ஸ் ஷ்னீர் என்ற இளம் தயாரிப்பாளர். கொலம்பியா நிறுவனத்தில், மலிவாகவும் வேகமாகவும் படம் எடுப்பதற்குப் பேர்போன சாம் காட்ஸ்மனின் பிரிவில் அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆக்டோபஸ் படத்துக்கு ஒதுக்கப்பட்டதாகப் பொதுவாகச் சொல்லப்படும் தொகை சுமார் 1,50,000 டாலர். இயக்கியவர் ராபர்ட் கார்டன். கென்னத் டோபி, ஃபெய்த் டோமெர்க், டொனால்ட் கர்ட்டிஸ் ஆகிய மூவர்தான் முக்கிய நடிகர்கள். 79 நிமிடம், கறுப்பு வெள்ளை. ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டும் வழக்கத்தில் இன்னொரு படத்தோடு சேர்த்து வெளியானது. இந்த வழக்கம் இங்கே முக்கியம். சுவரொட்டியில் பாலத்தைப் பிடித்து முறிக்கும் அரக்கனை வரைந்துவிட்டால், படத்தில் அந்தக் காட்சி இருந்தே ஆகவேண்டும். கொடுத்த வாக்கு அது ஒன்றுதான். மற்ற எழுபது நிமிடத்தை எப்படி நிரப்புவது என்பது எடுப்பவர்கள் பாடு.

காசு ஏறும் படிக்கட்டு

கதை தொடங்கும்போது அரக்கன் வெறும் சத்தம். பசிபிக் கடலில் சோதனை ஓட்டத்தில் இருக்கும் அணு நீர்மூழ்கிக் கப்பலின் சோனாரில், அதாவது நீருக்குள் இருப்பதை ஒலியால் கண்டறியும் கருவியில், பெரிய உருவம் ஒன்று தட்டுப்படுகிறது. பிறகு கப்பலை அது பிடித்துக்கொள்கிறது. திரையில் நாம் பார்ப்பது இடுக்கான அறை, அளவுமானிகள், வியர்த்த முகங்கள், சாய்கிற கேமரா. இதற்கு உருவ பொம்மைக்கென்று ஒரு டாலர்கூடச் செலவில்லை.

கப்பல் தப்பி வந்த பிறகு அதைக் கடலுக்குள் மேலும் கீழும் திருப்பும் பலகையில் சதைத்துண்டு ஒன்று சிக்கியிருப்பது தெரிகிறது. இரண்டு கடல் உயிரியல் அறிஞர்கள் அதைச் சோதிக்கிறார்கள். ஆய்வகம், கண்ணாடிக் குடுவைகள், ஒரு ரப்பர்த் துண்டு. அவ்வளவுதான். ஆனால் அரக்கன் இப்போது தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளாகிவிட்டது. பசிபிக்கில் நடந்த ஹைட்ரஜன் குண்டுச் சோதனைகளால் கதிரியக்கம் ஏறி, அதை இரைகள் உணர்ந்து விலகுவதால் பசியோடு மேலே வந்த ஆக்டோபஸ் என்ற விளக்கம் இங்கேதான் வருகிறது.

அதற்குப் பிறகு ஒரு சரக்குக் கப்பலைக் கைகள் கடலுக்குள் இழுக்கும் காட்சி. முதல் பெரிய செலவு. இதுவரை பொறுமையாக இருந்தவர்களுக்குக் கொடுக்கும் முன்பணம் என்று வைத்துக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியது அடுத்து வருவது. படம் மறுபடி மலிவான படிக்கு இறங்கிவிடுகிறது. உயிர் பிழைத்த மாலுமியை விசாரிக்கிறார்கள். தன்னைப் பைத்தியம் என்று முடிவுகட்டிவிடுவார்கள் என்று பயந்து அவன் சொன்னதை மாற்றுகிறான். டோமெர்க் ஏற்ற விஞ்ஞானி லெஸ்லி ஜாய்ஸ் இன்னொரு மாலுமியிடம் நைச்சியமாகப் பேசி உண்மையை வாங்குகிறார். ஒரு மனிதன் சொல்லத் தயங்குவதைவிட மலிவான அரக்கன் கிடையாது. அதைவிட நம்பும்படியானதும் கிடையாது.

அடுத்து ஓரிகன் மாநிலக் கடற்கரை. மணலில், ஆக்டோபஸ் கையில் வரிசையாக இருக்கும் உறிஞ்சுகிண்ணங்களில் ஒன்றின் தடம். எங்களைக் கேட்டால் படத்திலேயே சிக்கனமான, கெட்டிக்காரத்தனமான காட்சி இதுதான். இப்படி ஒரு தடத்தை எடுக்க என்ன வேண்டும் என்று பாருங்கள். ஈரமான, ஆனால் நீர் தேங்காத மணல் வேண்டும். உலர்ந்த மணலில் விளிம்பு சரியும். நீர் ஊறும் மணலில் பத்து நிமிடத்தில் பள்ளம் தூர்ந்துவிடும். கடல்நீர் வற்றத் தொடங்கிய முதல் மணி நேரத்தில் வேலையை முடிக்க வேண்டும். வெயில் பக்கவாட்டில் தாழ்வாக விழ வேண்டும். உச்சி வெயிலில் எடுத்தால் பள்ளத்துக்குள் நிழல் இல்லாமல் தடம் வெறும் கோலமாகத் தட்டையாகத் தெரியும். பக்கத்தில் ஒரு மனிதன் நிற்க வேண்டும், அளவுக்காக. ஒரு கிண்ணமே இவ்வளவு என்றால் கை எவ்வளவு, கையே அவ்வளவு என்றால் உடம்பு எவ்வளவு என்று கூட்டிப் பெருக்கும் வேலையைப் பார்ப்பவர் தலையில் இறக்கிவிடுகிறது அந்தப் பள்ளம். அவர் போடும் கணக்கு எந்தப் பொம்மையையும்விடப் பெரிதாகத்தான் வரும்.

இப்படி ஏறி இறங்கி, கடைசிப் பகுதியில்தான் கோல்டன் கேட் பாலம், கரையோரத் தெருக்கள், ஃபெர்ரி கட்டடத்தின் மணிக்கூண்டு எல்லாம். சேமித்த காசு முழுக்க அங்கே இறங்குகிறது.

இந்தப் படிக்கட்டில் ஓட்டையும் உண்டு. நடுவில் கப்பல் தலைவனும் இரண்டு விஞ்ஞானிகளும் உட்பட்ட முக்கோணக் காதல் நெடுநேரம் இழுக்கிறது. பின்னணிக் குரல் விளக்கவுரையும் கொஞ்சம் கூடுதல். பேசிக்கொண்டே இருப்பதால் நேரம் நிரம்பும், ஆனால் பயம் ஆறிவிடும். மலிவான காட்சி என்றால் பேச்சுக் காட்சி என்று புரிந்துகொள்வது இந்த வகைப் படங்களில் அடிக்கடி நடக்கும் தவறு. சோனார், சதைத்துண்டு, மணல் தடம் மூன்றிலும் அரக்கன் இருக்கிறது. காதல் காட்சியில் அது இல்லை.

எட்டு ஏன் ஆறானது

ஸ்டாப்-மோஷன் என்பது உருவத்தை இம்மி அசைத்து ஒரு பிரேம், மறுபடி அசைத்து ஒரு பிரேம் என்று படம்பிடிக்கும் முறை. நொடிக்கு 24 பிரேம். உள்ளே எஃகாலான எலும்புக்கூடு இருக்கும். அதன் மூட்டுகள் பந்துக்கிண்ண மூட்டுகள். ஆக்டோபஸ் கை என்றால் அடியில் பெரிதாகவும் நுனிக்குப் போகப்போகச் சிறிதாகவும் இந்த மூட்டுகளைச் சங்கிலிபோல் கோக்க வேண்டும். ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியாகக் கடைந்து, வைத்த இடத்தில் நிற்கும் அளவுக்கு மட்டும் திருகாணியை இறுக்க வேண்டும். இறுக்கம் குறைந்தால் அரைமணி நேரத்தில் கை தானாகத் தொய்யும். கூடினால் ஒன்றை அசைக்கும்போது பக்கத்து மூட்டும் சேர்ந்து நகரும். ஹாரிஹவுசனின் உருவங்களுக்கு இந்தக் கடைசல் வேலையைச் செய்து கொடுத்தவர் அவருடைய அப்பா ஃபிரெட். எலும்புக்கூட்டின் மேல் ரப்பர் தோல்.

இப்போது கணக்கு. பத்து நொடிக் காட்சிக்கு 240 பிரேம். ஆறு கைகளையும் ஒவ்வொரு பிரேமுக்கும் தொட்டால் 1,440 முறை. எட்டுக் கை என்றால் 1,920. வித்தியாசம் 480. ஒரு கையைச் சரிசெய்ய அரை நிமிடம் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும், பத்து நொடிப் படத்துக்கு நாலு மணி நேரம் மிச்சம். மூட்டு கடையும் கூலியில் கால்பங்கு மிச்சம். அதைவிடப் பெரிய மிச்சம் ஞாபகத்தில். இந்தக் கை மேலே போகிறது, அது பின்வாங்குகிறது, மூன்றாவதன் நுனி சுருளத் தொடங்கி ஐந்தாவது பிரேமில் இருக்கிறது என்று எல்லாவற்றையும் ஒரே ஆள் மனசில் வைத்திருக்க வேண்டும். மேசையில் ஊசிமுனைத் தாங்கி ஒன்றை நிறுத்தி, கை நுனி முன்பு எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்வார்கள். அது ஒரு கைக்கு உதவும், எட்டுக்கும் உதவாது. நடுவில் தொலைபேசி மணி அடித்துத் திரும்பி வந்தால், எந்தக் கை எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்பது போய்விடும். அந்தக் குழப்பம் திரையில் ஒரு வெட்டிழுப்பாகத் தெரியும்.

எண்ணிக்கையை மறைத்தது தண்ணீர்தான். எந்தக் காட்சியிலும் எல்லாக் கைகளும் வரிசையாக விரிந்து நிற்பதில்லை. இரண்டு மேலே இருக்கும், ஒன்று எழும், ஒன்று இறங்கும், மற்றவை நீருக்குள் இருப்பதாக நாமே வைத்துக்கொள்வோம். நிலத்தில் நடக்கும் விலங்குக்கு இந்தச் சலுகை கிடையாது. நாலு கால் யானைக்கு மூன்று கால் வைத்துவிட்டு யாரும் தப்ப முடியாது. கடல் அரக்கன் சிறு தயாரிப்பாளர்களின் செல்லப்பிள்ளையானதற்கு முதல் காரணம் இதுதான்: பாதி உடம்பை நீர் இலவசமாகத் தருகிறது.

நீரைச் சேர்க்கும் வேலை

ஆனால் ஸ்டாப்-மோஷனில் நிஜத் தண்ணீர் ஒரு சொட்டுகூட இருக்க முடியாது. ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே சில நிமிடங்கள் ஓடிவிடும். அலையோ நுரையோ காத்திருக்காது. ஆகவே கடலைத் தனியாக எடுத்து வந்து, உருவத்தைச் சுற்றி ஒட்ட வேண்டும்.

ஹாரிஹவுசனின் முறை இப்படி. கடல், பாலம், ஓடும் மக்கள் ஆகியவற்றை முதலில் நிஜமாகப் படம் எடுத்துக்கொள்வது. அதைச் சிறிய திரையில் பின்னாலிருந்து பிரேம் பிரேமாக வீசுவது; சினிமாக்காரர்கள் பேக் புரொஜெக்ஷன் என்று சொல்லும் முறை. திரைக்கு முன்னால் மேசையில் பொம்மை. கேமராவுக்கும் பொம்மைக்கும் நடுவில் ஒரு கண்ணாடி. காட்சியில் உருவத்துக்கு முன்னால் இருக்கவேண்டிய பகுதியை, அதாவது இங்கே நீர்க்கோட்டுக்குக் கீழ் உள்ள கடலை, அந்தக் கண்ணாடியில் கறுப்புப் பூசி மறைத்துவிடுவது. இப்படி முழுக் காட்சியையும் அசைத்து எடுத்தபின், ஃபிலிமைத் தொடக்கத்துக்குச் சுற்றி, இந்தமுறை மேல்பாதியை மறைத்துக் கீழ்ப்பாதியை மட்டும் பதிவது. இரண்டு பதிவும் சேரும்போது பொம்மை கடலுக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, கடலுக்கு நடுவில் நிற்கும்.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. ஒன்று, மறைப்பின் விளிம்பு. கடல் அசைகிறது, கண்ணாடியில் போட்ட கோடு அசையாது. அலை பெரிதாக இருந்தால் கை நீரில் நுழையும் இடம் கத்தியால் வெட்டியதுபோல் தெரியும். அதனால் அமைதியான நீர் உள்ள காட்சியைத் தேர்ந்தெடுப்பார்கள். அல்லது தனியாக எடுத்த நுரையையும் தெறிப்பையும் அந்தக் கோட்டின் மேல் ஏற்றிப் பதிந்து மூடுவார்கள். இரண்டு, பருக்கை. ஏற்கெனவே எடுத்த படத்தைத் திரையில் வீசி மறுபடி எடுப்பதால் பின்னணி சற்று மங்கிப் பொரிப்பொரியாகிவிடும். பொம்மை மட்டும் பளிச்சென்று தெரியும். கறுப்பு வெள்ளையில் இந்த வேறுபாட்டை ஒளியைச் சரிசெய்து ஓரளவு மறைக்கலாம். அந்தக் காலத்து வண்ண ஃபிலிமில் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். மூன்று, விளக்கு. மணிக்கணக்கில் எரியும் பல்புகளில் ஒன்று நடுவில் ஃபியூஸ் ஆனால், புதிதாகப் போடும் பல்பின் வெளிச்சம் இம்மி மாறினாலும் அதுவரை எடுத்த முழுக் காட்சியும் வீண்.

ஈரப் பளபளப்புக்கும் தண்ணீர் உதவாது. விளக்குச் சூட்டில் ஐந்து நிமிடத்தில் காய்ந்து, திரையில் தோல் வெளுத்துக்கொண்டே போகும். கிளிசரின் தடவினால் மணிக்கணக்கில் அப்படியே நிற்கும்.

பாலத்தைப் பொறுத்தவரை வேறொரு சிக்கல். கோல்டன் கேட் பாலம் உடைவதுபோல் காட்டுவது மக்களின் நம்பிக்கையைக் குலைக்கும் என்று நகர நிர்வாகம் ஒத்துழைக்க மறுத்துவிட்டது. பின்னணிப் படம் இல்லாமல் மேலே சொன்ன எதுவும் நடக்காது. கேமராவை ஒரு வண்டிக்குள் மறைத்து வைத்துப் பாலத்தின் மேல் ஓட்டிப் படமெடுத்து வந்தார்கள். ஆக்டோபஸ் முறிக்கும் துண்டை மட்டும் சிறு மாதிரியாகக் கட்டினார்கள்.

தண்ணீரில் இறங்கியவர்கள் பட்ட பாடு

ஆக்டோபஸ் படத்தை எடுத்தவர்கள் செய்த முடிவுகள் எவ்வளவு சரி என்பது, நீரில் நேரடியாக இறங்கிய மற்றவர்களைப் பார்த்தால்தான் விளங்கும்.

1957-ல் ரோஜர் கோர்மன் சுமார் 70,000 டாலரில் எடுத்த 'அட்டாக் ஆஃப் தி கிராப் மான்ஸ்டர்ஸ்' படத்துக்கு ஆள் உள்ளே புகுந்து இயக்கும் ராட்சத நண்டு ஒன்று செய்தார்கள். தெர்மகோல் போன்ற நுரைப்பொருள். கடலில் இறக்கியதும் அது மூழ்க மறுத்தது. இது நண்டு செய்தவர்களின் கவனக்குறைவு என்று ஒதுக்க வேண்டாம். இன்றைக்கும் இதே தவறு நடக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு கன மீட்டர் கொள்ளளவுள்ள உருவம், கன மீட்டருக்கு 20 கிலோ எடையுள்ள நுரை. உருவத்தின் எடை 40 கிலோ. மூழ்கினால் அது விலக்கும் கடல்நீர் 2,050 கிலோ. ஆக 2,010 கிலோ விசை அதை மேலே தள்ளும். அதற்கு ஈடாக 2,010 கிலோ கான்கிரீட் கட்டினால் போதாது, ஏனென்றால் கான்கிரீட்டும் நீருக்குள் எடை குறையும். சுமார் 3,500 கிலோ வேண்டும். ஈயம் என்றால் 2,200 கிலோ. அத்தனையையும் நுரை உடம்பில் கட்டினால் கட்டிய இடம் பிய்ந்துகொண்டு வரும்.

சரியான வழி, உருவத்துக்குள் நீரைப் புகவிடுவது. கம்பிச் சட்டம், அதன்மேல் வலைத்துணி, அதன்மேல் ரப்பர் தோல். அடியில் நீர் நுழையத் துளைகள், உச்சியில் காற்று வெளியேறத் துளைகள். உச்சித் துளையை மறந்தால் முதுகில் காற்று அடைபட்டு உருவம் குப்புறக் கவிழும். இன்னொன்று, இப்படிச் செய்த உருவத்தைக் கிரேனில் தூக்கும்போது மெதுவாகத்தான் தூக்க வேண்டும். உள்ளே இரண்டு டன் தண்ணீர் இருக்கிறது. வடிவதற்குள் இழுத்தால் தோல் கிழியும், அல்லது சட்டம் வளையும்.

காசு நிறைய இருந்தாலும் கடல் விட்டுக்கொடுப்பதில்லை. 1975-ன் 'ஜாஸ்' படத்துக்குக் காற்றழுத்தத்தில் இயங்கும் சுறாக்கள் செய்தார்கள். உப்புநீர் அவற்றின் உள்பாகங்களைத் தின்றது. 55 நாள் என்று போட்ட படப்பிடிப்பு 159 நாளானது. சுமார் 40 லட்சம் டாலர் திட்டம் 90 லட்சத்தை எட்டியது. சுறா வேலை செய்யாத நாட்களில் இயக்குநர் ஸ்டீவன் ஸ்பில்பெர்க் அதைக் காட்டாமல் எடுத்தார். ஒரு மணி நேரம் ஓடிய பிறகுதான் அது தெளிவாகத் தெரிகிறது. நீர்ப்பரப்பில் விரையும் மஞ்சள் பீப்பாய்கள் சுறாவுக்குப் பதிலாக நடித்தன. ஓரிகன் மணலில் இருந்த அந்தத் தடத்துக்குச் சொந்தக்காரப் பிள்ளைகள்தான் இந்தப் பீப்பாய்கள்.

சின்னத் தொட்டியில் மாதிரிக் கப்பலை மிதக்கவிட்டு எடுப்பது இன்னொரு வழி. அங்கே காட்டிக்கொடுப்பது நீரின் வேகமும் துளியும். பதினாறில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்தால் அதில் எழும் அலை நாலு மடங்கு வேகமாக விழும். அதனால் நொடிக்கு 24-க்குப் பதில் 96 பிரேம் எடுத்து மெதுவாக்க வேண்டும். அதற்கு நாலு மடங்கு வெளிச்சமும் வேண்டும். வேகத்தை இப்படிச் சமாளித்துவிடலாம். துளியை என்ன செய்வது? நாலு மில்லிமீட்டர்த் துளி மாதிரி சின்னதானாலும் நாலு மில்லிமீட்டர்தான். திரையில் அது ஆறு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட உருண்டையாகத் தெரியும். கப்பல் தளத்தில் எலுமிச்சம்பழம் மழையாகப் பெய்வதுபோல் இருக்கும். நீரில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்தால் துளி உடையும், நுரை பொடியாகும். முழுத் தீர்வு ஒன்றே ஒன்றுதான்: மாதிரியைப் பெரிதாகச் செய்வது. அப்போது தொட்டியும் பெரிதாக வேண்டும், மலிவு போய்விடும்.

அரக்கனே செய்யாமல் தப்பித்தவர்களும் உண்டு. 2003-ன் 'ஓப்பன் வாட்டர்' ஒரு லட்சத்து இருபதாயிரம் டாலருக்குச் சற்று முன்பின்னாகச் செலவழித்து, பஹாமாஸ் கடலில் நிஜச் சுறாக்களுக்கு நடுவே இரண்டு நடிகர்களை மிதக்கவிட்டு, டிஜிட்டல் வீடியோவில் எடுக்கப்பட்டது. இரை போட்டுச் சுறாக்களின் போக்கைத் திருப்பினார்கள். நடிகர்கள் உடைக்குள் எஃகு வலைக்கவசம் அணிந்திருந்தார்கள். அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் 25 லட்சம் டாலருக்கு விலைபோனது. அதன் பயமும் நீர்க்கோட்டில்தான்: கேமரா பெரும்பாலும் கழுத்தளவு நீரில் இருக்கிறது, காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது.

பிடிப்பு எங்கே இருக்கிறது

இந்தப் படங்களை விரும்பிப் பார்ப்பவர்களைக் கேலிக்காகப் பார்ப்பவர்கள் என்று நினைப்பது தவறு. குறை தெரிந்தே பார்க்கிறார்கள், உண்மைதான். ஆனால் ஆறு கை என்று தெரிந்தபின் அந்தக் காட்சிகளைப் பார்க்கும் கண் கூர்மையாகிறது. எந்தக் கையை எங்கே மறைத்தார், எதை எப்போது எழுப்பினார் என்று தேடத் தொடங்குகிறோம். செய்தவரின் யோசனையைப் பிரேம் பிரேமாகப் படிக்க முடிகிற கலை வேறு அதிகம் இல்லை. ஒவ்வொரு அசைவும் ஒருவருடைய விரல் பட்டு நடந்தது. கை நுனி ஒரு பொருளைத் தொடுவதற்கு முன் தயங்கிச் சுருள்கிறது என்றால், அங்கே ஒருவர் உட்கார்ந்து தயக்கம் எத்தனை பிரேம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்.

நடிகர்களின் பங்கும் பெரிது. டோபியும் டோமெர்க்கும் ஒரு கணம்கூட இது என்ன கூத்து என்ற முகத்தோடு நிற்பதில்லை. எதிரே எதுவும் இல்லாத வெற்றிடத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டும். பார்வை எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு ஒரு கழியின் நுனியோ சுவரில் ஒரு குறியோதான் இருக்கும். இரண்டு நடிகர்களின் பார்வை இரண்டு உயரத்தில் போனால் அரக்கன் அங்கேயே செத்தது. சிறு படங்களில் உருவம் மோசமாக இருந்து தோற்றதைவிட, பார்வை பொருந்தாமல் தோற்றதே அதிகம் என்பது எங்கள் எண்ணம்.

கணினியில் மலிவாகச் செய்த பிற்காலக் கடல் அரக்கன்கள் பலவற்றில் இந்தப் பிடிப்பு இல்லாமல் போவது கணினியின் குற்றமில்லை. நீர்க்கோட்டு வேலையைச் செய்யாமல் விட்டதுதான். சுறா நீரைக் கிழித்து வெளியே வருகிறது. விலக வேண்டிய நீர் விலகவில்லை. உடம்பிலிருந்து நீர் வழியவில்லை. நிழல் அலையின் மேல் விழவில்லை. திரும்ப விழும்போது தெறிப்பு அரை நொடி தாமதமாக, எடைக்குச் சம்பந்தமில்லாமல் எழுகிறது. உருவத்தின் மேல் பத்து நாள் உழைத்து, அது நீரைத் தொடும் இடத்தில் அரை நாள்கூட உழைக்காவிட்டால் இப்படித்தான் ஆகும். 1955-ல் ஒரு கண்ணாடியில் கறுப்பு மை வைத்து அந்தக் கோட்டைப் பொருத்த மெனக்கெட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. உருவத்தைப் பாதியாகக் குறைத்து, மிச்சப்படும் நாட்களைத் தொடும் இடத்துக்குக் கொடுத்தால் அதே காசில் படம் தேறும்.

தெருக் காட்சியில் அதற்கு நல்ல சான்று இருக்கிறது. தீப்பீச்சுக் கருவிகளோடு சிப்பாய்கள் முன்னேறுகிறார்கள். ஆக்டோபஸின் தலையோ உடம்போ அங்கே இல்லை. அவை வளைகுடா நீரில் இருப்பதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். கட்டடங்களுக்கு நடுவே தடவிக்கொண்டு கை வருகிறது. நெருப்புப் பட்டதும் இழுத்துக்கொள்கிறது. எத்தனை கை என்று அந்த நேரத்தில் யாரும் எண்ணுவதில்லை.